விதை எண்ணெய் விஷமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மாமாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விதை எண்ணெய் விஷம் என்று சொல்லி யாரோ அனுப்பிய ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த சூரியகாந்தி எண்ணெயை ஓரங்கட்டிவிட்டு எல்லாச் சமையலுக்கும் வெண்ணெய் போட ஆரம்பித்தார். மாத்திரை அதே மாத்திரை, காலை நடையும் அதேதான். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தபோது எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 74-லிருந்து 108-க்கு ஏறியிருந்தது. "இயற்கையான கொழுப்புக்குத்தானே மாறினேன், இது எப்படி?" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் தேடப்போய்த்தான் இந்த விஷயத்துக்குள் முழுதாக இறங்கினேன். அவரும் அவருக்கு அப்புறம் மற்றவர்களும் கேட்ட கேள்விகள் கீழே இருக்கின்றன.

விதை எண்ணெய் என்று எதையெல்லாம் சொல்கிறார்கள்?

சோயா, சூரியகாந்தி, மக்காச்சோளம், பருத்திவிதை, குசும்பா, திராட்சைவிதை, கனோலா, அரிசித் தவிடு என்ற எட்டையும்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும்கூட விதையிலிருந்து வருபவைதான், ஆனால் திட்டு வாங்குவது இந்த எட்டு மட்டுமே. ஆலிவ் எண்ணெயும் பாமாயிலும் பழச் சதையிலிருந்து வருவதால் இந்தப் பட்டியலில் சேராது.

இந்த எட்டையும் ஒரே பொருள்போலப் பேசுவதுதான் முதல் தவறு. சண்டையெல்லாம் லினோலிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பைப் பற்றியது. அது சாதாரணக் குசும்பா எண்ணெயில் 75 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, சூரியகாந்தியில் 60-ஐத் தாண்டும், சோயாவிலும் மக்காச்சோளத்திலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே, கனோலாவில் 20 சதவீதம்தான். போதாததற்கு, சூரியகாந்தியிலேயே ஓலிக் அமிலம் அதிகமுள்ள ரகம் ஒன்று வந்துவிட்டது. அதன் சேர்க்கை ஆலிவ் எண்ணெயைப் போன்றது. புட்டியில் பெரிய எழுத்தில் "சூரியகாந்தி" என்று மட்டும் பார்த்துவிட்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

லினோலிக் அமிலம் உடம்புக்குத் தேவையா, கெடுதலா?

தேவை. நம் உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி 1929-30இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலம் கொடுத்ததும் தேறின. "அத்தியாவசியக் கொழுப்பு அமிலம்" என்ற சொல்லே அப்படி வந்ததுதான். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதற்கு இது வேண்டும். அதற்குக் கொஞ்சம் போதும் என்பதும் உண்மை. எதிர்ப்பவர்கள் கேட்பது, அந்தக் கொஞ்சத்துக்கு மேல் போனால் என்ன ஆகும் என்று. நியாயமான கேள்விதான்.

ஒமேகா-6 அழற்சியை உண்டாக்கும் என்கிறார்களே?

இந்த வாதம் காகிதத்தில் கச்சிதமாக இருக்கிறது. லினோலிக் அமிலத்திலிருந்து உடம்பு அராக்கிடோனிக் அமிலத்தைச் செய்கிறது, அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் சில வருகின்றன, ஆகவே லினோலிக் அமிலம் கூடினால் அழற்சியும் கூடும். நானும் முதலில் இதை நம்பினேன்.

ஆனால் உடம்பு அப்படி நேர்கோட்டில் வேலை செய்வதில்லை. லினோலிக் அமிலம் அராக்கிடோனிக் அமிலமாக மாறுவதை உடம்பு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாட்டில் லினோலிக் அமிலத்தைப் பல மடங்கு கூட்டியும் குறைத்தும் பார்த்த மனித ஆய்வுகளை 2011இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ரத்தத்தில் அராக்கிடோனிக் அமிலத்தின் அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 2012இல் 15 சோதனைகளை அலசிய இன்னொரு தொகுப்பு, லினோலிக் அமிலத்தைக் கூட்டியதால் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள் உயர்ந்ததற்கு ஆதாரம் அநேகமாக ஒன்றுமே இல்லை என்று சொன்னது. இன்னொன்றும் உண்டு: அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து அழற்சியை அடக்கும் பொருள்களும் பிறக்கின்றன. வீடியோக்களில் அந்தப் பாதி மட்டும் வெட்டப்பட்டுவிடுகிறது.

ஒமேகா-6க்கும் ஒமேகா-3க்கும் விகிதம் சரியாக இருக்க வேண்டாமா?

விகிதத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விகிதத்தைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு: ஒமேகா-6ஐக் குறைப்பது, ஒமேகா-3ஐக் கூட்டுவது. உடம்புக்கு இரண்டாவதுதான் உருப்படியாக உதவுகிறது. கொழுப்பு மிகுந்த மீன், ஆளிவிதை, வால்நட் சேர்த்துக்கொள்ளுங்கள். செடிகளிலிருந்து வரும் ஒமேகா-3 உடம்பில் மிகக் கொஞ்சமாகத்தான் மீனில் உள்ள வடிவத்துக்கு மாறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

மின்னசோட்டா ஆய்வும் சிட்னி ஆய்வும் விதை எண்ணெய் ஆளைக் கொல்லும் என்று நிரூபித்துவிட்டனவே?

எதிர்த் தரப்பின் கையில் இருக்கும் நிஜமான ஆயுதம் இதுதான். அதனால் நிதானமாகவே பார்ப்போம்.

மின்னசோட்டாவில் 1968 முதல் 1973 வரை ஆறு அரசு மனநல மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் 9,423 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சாப்பாடு. மற்றதற்கு நிறைவுற்ற கொழுப்பை (வெண்ணெய், நெய் போன்றவற்றில் அதிகமுள்ளது) பாதியாக்கி, அந்த இடத்தில் மக்காச்சோள எண்ணெயும், அதில் வெண்ணெய் மாதிரி கெட்டியாகச் செய்த மார்கரினும். முடிவுகள் அப்போது முழுதாக வெளிவரவில்லை. ஆய்வை நடத்தியவர் இறந்த பிறகு அவர் வீட்டு நிலவறைப் பெட்டிகளில் கிடந்த தரவுகளை எடுத்து, கிறிஸ்டோபர் ராம்ஸ்டன் குழு 2016இல் வெளியிட்டது. எண்ணெய்க் குழுவில் கொலஸ்ட்ரால் சுமார் 14 சதவீதம் இறங்கியிருந்தது, ஆனால் மரணம் குறையவில்லை. கொலஸ்ட்ரால் 30 புள்ளி இறங்கிய ஒவ்வொரு படிக்கும் மரண வாய்ப்பு 22 சதவீதம் கூடியிருந்தது.

கேட்டால் பயமாகத்தான் இருக்கிறது. சரி, உள்ளே போய்ப் பார்ப்போம். அந்தக் காலத்தில் மனநல மருத்துவமனைகளிலிருந்து ஆட்களை வேகமாக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் 2,355 பேர்தான். இதயக் குழாய் அடைப்பு பத்து இருபது வருடமாகச் சேர்வது, சில மாதச் சாப்பாட்டை வைத்து அதை அளக்க முடியாது. இன்னொரு விஷயம், வயதானவருக்கு நோய் முற்றும்போது கொலஸ்ட்ரால் தானாகவே இறங்கும். கொலஸ்ட்ரால் இறங்கியவர்கள் அதிகம் இறந்தது எண்ணெய்க் குழுவில் மட்டும் நடந்ததில்லை, வழக்கமான சாப்பாடு சாப்பிட்ட குழுவிலும் அப்படித்தான். அப்படியிருக்க எண்ணெயின் மேல் பழியை எப்படிப் போடுவது? ஆனால் "எண்ணெயை மாற்றினால் ஆயுள் கூடும்" என்பதற்கும் இந்த ஆய்வு கை கொடுக்கவில்லை. அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சிட்னி ஆய்வு 1966 முதல் 1973 வரை நடந்தது. மாரடைப்போ நெஞ்சுவலிப் பிரச்சினையோ வந்த 458 ஆண்கள். ஒரு குழுவுக்குக் குசும்பா எண்ணெயும் குசும்பா மார்கரினும் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் இறந்தவர்கள் 17.6 சதவீதம், மற்ற குழுவில் 11.8. எனக்கு உறுத்துவது இந்த முடிவுதான், இதைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. அந்தக் காலத்து மார்கரினில், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது பிறக்கும் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருந்தது வழக்கம், இந்த மார்கரினில் எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். லினோலிக் அமிலமும் மொத்தக் கலோரியில் 15 சதவீதம் அளவுக்குப் போனது. சாதாரணமாக யாரும் அவ்வளவு சாப்பிடுவதில்லை. அதோடு ஒமேகா-3 அநேகமாக இல்லாத எண்ணெய். இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு: ஒரே ஒரு ஒமேகா-6 எண்ணெயை அளவில்லாமல் குடிக்காதீர்கள், சோயாவிலும் கனோலாவிலும் இருப்பதுபோலக் கொஞ்சமாவது ஒமேகா-3 கூட வரட்டும்.

அப்படியானால் நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

அதே காலத்துச் சோதனைகள் வேறு சில உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் முன்னாள் படைவீரர் இல்லம் ஒன்றில் 846 ஆண்களை எட்டு வருடம் வரை பின்தொடர்ந்த ஆய்வு 1969இல் வெளிவந்தது. மக்காச்சோளம், சோயா, குசும்பா, பருத்திவிதை எண்ணெய்கள் சாப்பிட்ட குழுவில் ரத்தக் குழாய் அடைப்பால் இறந்தவர்கள் 48, மற்ற குழுவில் 70. எண்ணெய்க் குழுவில் புற்றுநோய் மரணம் அதிகமாக இருந்ததும் அதே அறிக்கையில் உண்டு. அது கவலையைக் கிளப்பியதால் 1971இல் ஐந்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், அப்படியொரு போக்கு தெரியவில்லை. இந்த மாதிரி நீண்டகாலச் சோதனைகளை எடைபோட்ட அமெரிக்க இதயச் சங்கம் 2017இல், நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் இந்த எண்ணெய்களை வைத்தால் இதய நோய் சுமார் 30 சதவீதம் குறையும் என்று சொன்னது. எந்தச் சோதனையைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பு இன்னும் அடக்கமானது: நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தால் இதய நோய், பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறையும், மொத்த மரணத்தில் பெரிய மாற்றம் இல்லை.

என்னை உண்மையில் அசைத்தது வேறு ஒன்று. ஒருவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் மறந்துபோய் மாற்றிச் சொல்லலாம். ரத்தத்திலும் கொழுப்புத் திசுவிலும் இருக்கும் லினோலிக் அமிலம் பொய் சொல்லாது, ஏனென்றால் உடம்பு அதைத் தயாரிப்பதில்லை. இப்படி நேரடியாக அளந்த 30 ஆய்வுகளை, 13 நாடுகள், 68,659 பேர், 2019இல் ஒன்றாகச் சேர்த்தார்கள். லினோலிக் அமிலம் அதிகம் இருந்தவர்களிடம் இதய நோய் மரணம் 22 சதவீதம் குறைவு. சர்க்கரை நோய்க்கு 2017இல் சுமார் 40,000 பேரை இதேபோல் பார்த்தார்கள், அங்கேயும் லினோலிக் அமிலம் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் வந்தது 35 சதவீதம் குறைவு. இது தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பொருள் விஷமென்றால், உடம்பில் அது அதிகம் சேர்ந்தவர்களுக்கு அல்லவா நோய் கூடியிருக்க வேண்டும்?

நூறு வருடமாக இந்த எண்ணெய் ஏறியது, பருமனும் ஏறியதே?

ஏறியது உண்மை. அமெரிக்காவில் 1909இல் மொத்தக் கலோரியில் 2.8 சதவீதமாக இருந்த லினோலிக் அமிலம் 1999இல் 7.2 ஆனது. அமெரிக்கர்களின் உடல் கொழுப்பில் அதன் பங்கு 1959இல் சுமார் 9 சதவீதம், 2008இல் 21-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் அதே காலத்தில் மொத்தக் கலோரியும் சர்க்கரையும் ஏறின, பாக்கெட் சாப்பாடும் காரில் உட்காரும் நேரமும் பெருகின, இதய நோய் மரணமோ 1960களின் கடைசியிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு கோடுகள் சேர்ந்து மேலே போவதை வைத்து ஒன்றின்மேல் பழி போட்டால், இதய நோய் இறங்கியதற்கும் அதே எண்ணெய்க்குப் பாராட்டு கொடுக்க வேண்டியிருக்கும்.

நேரடியாகச் சோதித்ததும் உண்டு. ஸ்வீடனின் உப்சலாவில் 39 ஒல்லியான இளைஞர்களுக்கு ஏழு வாரம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது, மீதிப் பேருக்குப் பாமாயிலில் செய்தது. இரண்டு குழுவும் ஒரே அளவு, 1.6 கிலோ, எடை போட்டது. ஆனால் கல்லீரலில் கொழுப்பு ஏறியது முக்கியமாகப் பாமாயில் குழுவில்தான். எந்த எண்ணெயும் ஒரு கிராமுக்கு 9 கலோரி, ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 120. எடை விஷயத்தில் எண்ணெயின் சாதியைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள்.

விதை எண்ணெயை நிறுத்தியதும் எனக்கு உடம்பு லேசானதே, அது பொய்யா?

பொய் இல்லை, நீங்கள் உணர்ந்ததை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் விதை எண்ணெயை நிறுத்தியபோது கூடவே எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிப்ஸ், பிஸ்கட், கடையில் பொரித்தவை, உடனடி நூடுல்ஸ், பாட்டில் சாஸ் எல்லாம் போயிருக்கும். அதோடு உப்பு, சர்க்கரை, மைதா, தெரியாமலே சாப்பிட்ட நூற்றுக்கணக்கான கலோரி. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் 20 பேரை வைத்துச் செய்த சோதனையில், அதிகம் பதப்படுத்திய சாப்பாட்டைக் கொடுத்தபோது அவர்கள் தங்களை அறியாமலே நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறினார்கள். நீங்கள் செய்தது நல்ல காரியம், தொடருங்கள். வீட்டில் தாளிக்க ஊற்றும் ஒரு கரண்டி எண்ணெய்க்கு மட்டும் அந்தப் பழி வேண்டாம்.

ஹெக்சேன் ஊற்றித்தானே எடுக்கிறார்கள்? அது பெட்ரோல் மாதிரி இல்லையா?

ஆமாம், பெரும்பாலான சுத்திகரித்த எண்ணெய் அப்படித்தான் வருகிறது. ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. நசுக்கிய விதையிலிருந்து எண்ணெயைக் கரைத்து எடுக்க அது உதவும். அது 69 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், அப்புறம் வாடை நீக்கும் கட்டத்தில் எண்ணெயை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவியை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மிஞ்சலாம் என்று அனுமதித்திருப்பது ஒரு கிலோ எண்ணெய்க்கு 1 மில்லிகிராம். எனக்கு இதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அந்த ஆலையில் ஹெக்சேன் காற்றைச் சுவாசித்து வேலை செய்பவர்களைப் பற்றித்தான் கவலை, நரம்பைப் பாதிக்கும் பொருள் அது.

செக்கில் ஆட்டியது வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா?

மணமும் ருசியும் நிச்சயம் நன்றாக இருக்கும், வைட்டமின் ஈ போன்றவை அதிகம் தங்கும். ஆனால் கொழுப்பு அமிலம் மாறாது. செக்கில் ஆட்டிய சூரியகாந்தி எண்ணெயிலும் அதே 60 சதவீத லினோலிக் அமிலம்தான். அதை விஷம் என்று நம்புகிறவர் செக்கு எண்ணெயை மட்டும் அமுதம் என்று சொல்வது எனக்குப் புரியவில்லை.

சூடாக்கினால் நச்சாக மாறும் என்பது உண்மையா?

இந்த ஒரு விஷயத்தில் எதிர்ப்பவர்கள் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது.

வீட்டு எண்ணெய்ப் புட்டியின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். மூடியின் மரை ஓரத்தில் மஞ்சளாக, பிசின் மாதிரி ஒட்டும் ஒரு படலம் இருக்கும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது, நகத்தால் சுரண்ட வேண்டும். எண்ணெய் மெல்லிய படலமாக நின்று, காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால் வந்தது அது. ஓவியர்களின் ஆளிவிதை எண்ணெய் வர்ணம் காய்வதும் இதே வேதியியல்தான். லினோலிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவில் உள்ள இடம்தான் ஆக்சிஜனுக்கு லகுவான வாசல். வெண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் அந்த வாசல் அநேகமாக இல்லை, அதனால் அவை பிசுபிசுக்காது.

சூடு இந்த வேலையைப் பல மடங்கு வேகமாக்கும். மணிக்கணக்கில் கொதிக்கும் எண்ணெயில் ஆல்டிஹைடு வகைப் பொருள்கள் சேரும். அதில் ஹைட்ராக்ஸி நோனினால் என்பது செல்லுக்கே கேடு செய்யும். மூக்கையும் கண்ணையும் எரிக்கும் புகையில் இருப்பது அக்ரோலின். அதிகச் சூட்டில் பொரிக்கும்போது வரும் புகையை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் அமைப்பு 2010இல் வைத்தது.

ஆனால் ஒரு தடவை வதக்குவதும் ஒரே எண்ணெயில் நாள் முழுக்கப் பொரிப்பதும் ஒன்றல்ல. பல நாடுகளில் கடைகளுக்கு விதி உண்டு, எண்ணெய் சிதைவதால் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தொட்டால் கொட்டிவிட வேண்டும். வீட்டில் அளக்கும் கருவி இல்லை, கண்ணும் மூக்கும்தான். நுரை அடங்காமல் ஓரத்தில் நின்றால், ஊற்றும்போது பாகு மாதிரி இழுத்தால், பழைய சூட்டிலேயே இப்போது சீக்கிரம் புகைந்தால், அதன் காலம் முடிந்துவிட்டது. காசு போகிறதே என்று அடுத்த நாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். அடிக்கடி பொரிக்கிறவர்கள் ஓலிக் அதிகமுள்ள சூரியகாந்தி மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். புகைநிலை எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், அதிகச் சூட்டில் புகையாத எண்ணெயும் உள்ளே சிதைந்துகொண்டிருக்கலாம்.

வனஸ்பதியும் விதை எண்ணெய்தானே?

விதை எண்ணெய்க்கு இருக்கும் கெட்ட பெயரில் பெரும் பங்கு அதனால் வந்தது. பருத்திவிதை எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கெட்டியாக்கி 1911இல் அமெரிக்காவில் கிரிஸ்கோ என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். பாதி ஹைட்ரஜனேற்றத்தில் பிறக்கும் டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்கும். அதற்காக யாரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. மொத்தக் கலோரியில் அது 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல நாடுகள் தடையே போட்டுவிட்டன. பாக்கெட்டில் "பகுதி ஹைட்ரஜனேற்றம்" என்ற சொல்லைப் பார்த்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

எண்ணெயை எப்படி வைத்திருப்பது?

சின்னப் புட்டியாக, இருட்டில், அடுப்புக்குத் தள்ளி. பழைய எண்ணெய் தீர்வதற்குள் அதன் மேலேயே புதியதை ஊற்றாதீர்கள், அடியில் கெட்டது புதியதையும் கெடுக்கும். பழைய பெயின்ட் வாடை வந்தால் அது சிக்குப் பிடித்துவிட்டது.

உங்கள் மாமா இப்போது என்ன சாப்பிடுகிறார்?

வெண்ணெயை அறவே விடவில்லை, ஞாயிற்றுக்கிழமை ரொட்டியில் தடவிக்கொள்கிறார். தினச் சமையலுக்குக் கனோலாவும் கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும். வாரம் இரண்டு நாள் மீன். பொரிப்பது மாதத்துக்கு ஒரு தடவை, அந்த எண்ணெயை அன்றே கொட்டிவிடுகிறார். போன மாதப் பரிசோதனையில் எல்டிஎல் 79. வீடியோ அனுப்பியவருக்கும் அந்த அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினார்.